பல்லில் உள்ள புரதத்தை வைத்து அடையாளம் காண்பது: டெல்டாவில் தடய வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்லின் எனாமலில் இருக்கும் புரதம், அது ஆணின் பல்லா பெண்ணின் பல்லா என்பதை நன்றாகவே சொல்லும். யாருடைய பல் என்று கேட்டால் பாதிதான் சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் புரியாமல் வேலையைத் தொடங்குகிறவர்கள்தான் பின்னால் நீதிமன்றத்தில் திணறுகிறார்கள். பல் மருத்துவம் முடித்துத் தடயப் பல்லியல் பக்கம் வருகிறவர்கள், மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆய்வகத்தில் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் முதல் முறை உட்காருகிறவர்கள், அடையாளம் தெரியாத சடலத்துக்கு வழக்குப் பதிந்துவிட்டு அடுத்து என்ன என்று பார்க்கும் உதவி ஆய்வாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

டெல்டாவில் இது எதற்கு?

காவிரியும் கொள்ளிடமும் சடலத்தை ஓரிடத்தில் விட்டுவைப்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு கல்லணை, அணைக்கரை மதகுகளில் ஒதுங்கும் உடல், மேற்கே எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாது. சீமைக்கருவேலக் காட்டுக்குள் கிடக்கும் எலும்புக்கூடு ஒரு குறுவை, ஒரு சம்பாவைப் பார்த்திருக்கும். அதாவது நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருக்கும். வெப்பமும் ஈரமும் மாறி மாறி வந்தால் எலும்பில் உள்ள டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்துபோகும். உடைந்த டி.என்.ஏ.வில் வழக்கமான எஸ்.டி.ஆர். சோதனை (திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணி ஆளை அடையாளம் காண்பது) பாதிக் குறிகளை மட்டும் காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது.

புரதம் அதைவிடப் பொறுமைசாலி. காரணம் எனாமலின் அமைப்பு. அதன் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாதுப்பொருள். புரதம் ஒரு விழுக்காடு அளவில்தான் மிஞ்சியிருக்கும். அந்தச் சொற்பப் புரதம் ஹைட்ராக்சிஅபடைட் என்ற தாதுப் படிகங்களுக்கு இடையில் பூட்டிக் கிடப்பதால் தண்ணீரும் நுண்ணுயிரும் அதை எளிதில் தொட முடியாது. ஸ்பெயினின் அட்டபுயெர்காவில் கிடைத்த, சுமார் 8 லட்சம் ஆண்டு பழைய மனித இனப் பல்லின் எனாமலிலிருந்து புரதத்தைப் படித்து 2020-இல் வெளியிட்டார்கள். அதோடு ஒப்பிட்டால், மூன்று வருடம் வாய்க்கால் கரையில் கிடந்த கடைவாய்ப் பல் நேற்றைய பல் மாதிரிதான்.

மரபணுவுக்கும் புரதத்துக்கும் உள்ள தொடர்பு எளியது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், சில இடங்களில் அது உருவாக்கும் புரதத்திலும் ஓர் அமினோ அமிலம் மாறும். அந்த மாற்றத்தைச் சுமக்கும் புரதத் துண்டை, அதாவது பெப்டைடை, எடை பார்த்துக் கண்டுபிடித்தால், டி.என்.ஏ.வைத் தொடாமலே அந்த இடத்தில் இருந்த மரபணு எழுத்தை ஊகிக்கலாம். கிளெண்டன் பார்க்கர் குழுவினர் 2016-இல் தலைமுடிப் புரதத்தில் இதைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே, இங்கிலாந்து, பிரேசில் ஆய்வாளர்கள் சேர்ந்து எனாமலை லேசாக அமிலத்தில் கரைத்து ஆண்–பெண் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். நீங்கள் கற்றுக்கொள்ளப் போகும் வேலையின் இரண்டு கால்கள் இவை. இரண்டாவது கால் உறுதியானது. முதலாவது, பல்லைப் பொறுத்தவரை, இன்னும் நொண்டுகிறது.

முதல் வேலை மண்ணில்

ஆய்வகத்துக்கு வரும் பல்லின் தரத்தைக் களத்தில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். முன்பற்களுக்கு ஒற்றை வேர். தசை அழுகியதும் அவை குழியிலிருந்து நழுவி விழுந்துவிடும். மண்டையோட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு “முன்பல் எல்லாம் உதிர்ந்துவிட்டது” என்று எழுதிவிடாமல், தலை கிடந்த இடத்து மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு அள்ளிச் சலிக்க வேண்டும். ஆற்றுப் படுகை மணல் சல்லடையில் ஓடிவிடும். வண்டல் களிமண் ஓடாது. அதை வாளியில் கரைத்து, இரண்டு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். உடல் நீரோட்டத்தில் வந்ததென்றால் முன்பற்கள் வழியில் எங்கோ போயிருக்கும். அப்போது தாடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பற்கள்தான் கதி.

ஆற்றங்கரையில் கிடைக்கும் ஒவ்வொரு பல்லும் குற்றத்தின் தடயம் ஆகாது. இங்கே கரையோரச் சுடுகாடுகள் அதிகம். பால் தெளித்துப் பொறுக்கிய எலும்பை ஆற்றிலும், பூம்புகார், வேதாரண்யம் கடலிலும் கரைக்கிறார்கள். வெள்ளம் இடுகாட்டை அரித்தால் பழைய பற்கள் வெளியே வரும். ஆட்டுப் பல்லும் நாய்ப் பல்லும் கூடவே வரும். மாட்டுக் கடைவாய்ப் பல்லின் உயரமான உடலையும் மேற்பரப்பில் ஓடும் பிறை மடிப்புகளையும் ஒரு முறை பார்த்தவர் பிறகு ஏமாறமாட்டார். அருகில் இடுகாடு, சுடுகாடு, இறைச்சிக்கடைக் கழிவு கொட்டும் இடம் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் மயானத்தில் வேலை செய்கிறவரிடமும் கேட்டு மகஜரில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆய்வகத்தில் ஐந்து வாரத்தை மிச்சப்படுத்தும்.

எரிந்த உடலில் இன்னும் கவனம் வேண்டும். சூட்டில் எனாமல், அதற்கு அடியில் இருக்கும் டென்டினிலிருந்து விலகிச் சிதறிவிடும். வாய்க்குள் வெளியே வராத பல், தாடை எலும்புக்குள் இருந்த வேர் ஆகியவை ஓரளவு தப்பிக்கும். பழுப்பு, கருப்பு நிறத்தில் இருப்பதை எடுத்து வையுங்கள். சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடியாகும் அளவுக்கு வெந்த பல்லில் புரதம் தேடுவது வீண்.

எடுத்து வைப்பது

இதில் மரபுப்படி நடக்கும் சில பழக்கங்கள் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஃபார்மலினில் போடக் கூடாது. அது புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடும், டி.என்.ஏ.வையும் பாழாக்கும். உடற்கூறியல் துறையில் எலும்பைச் சுத்தம் செய்வதுபோலக் கொதிக்க வைக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைக்கக் கூடாது. ஈரப் பல்லைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சீல் வைத்தால், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும்.

கையுறையோடு எடுங்கள். ஒட்டிய மண்ணைச் சுத்தமான தண்ணீரில் மென்மையாகக் கழுவி, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் வேண்டாம், பல் வெடிக்கும். காகித உறை, உறைக்கு ஒரு பல். தாடையில் உறுதியாக நிற்கும் பல்லைப் பிடுங்காமல் தாடையோடு அனுப்புங்கள். உறையின் மேல் பல்லின் எண்ணைச் சர்வதேச இரட்டை இலக்க முறையில் எழுதுங்கள்: மேல் வலது 11 முதல் 18, மேல் இடது 21 முதல் 28, கீழ் இடது 31 முதல் 38, கீழ் வலது 41 முதல் 48. “கடைவாய்ப் பல் – 1” என்று மட்டும் எழுதி வரும் உறைகளால் பிறகு குறுக்கு விசாரணையில் படாத பாடு படவேண்டியிருக்கும்.

சந்தேக மரணத்துக்கான விசாரணை இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174. பழைய ஃபார்மை நகல் எடுத்துப் பழைய எண்ணையே எழுதும் வழக்கம் இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். யார் எடுத்தார், யார் சீல் வைத்தார், எங்கே இருந்தது, யார் கொண்டுபோனார் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், பல்லில் எவ்வளவு நல்ல புரதம் இருந்தாலும் பயனில்லை.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு முன் கண்

புதிதாக வருபவர்களிடம் நான் காணும் அவசரம் இதுதான். கருவி கையில் இருக்கிறது என்றதும் நேரே புரதத்துக்குப் போய்விடுகிறார்கள். பேரிடரில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வகுத்த முறையில் முதன்மை அடையாளங்கள் மூன்று: கைரேகை, பல் ஒப்பீடு, டி.என்.ஏ. புரதம் அந்த வரிசையிலேயே இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்ட வெளிநாட்டவரில் பெரும்பாலோரைக் காட்டிக்கொடுத்தவை அவரவர் ஊர்ப் பல் மருத்துவர்களின் குறிப்புகளும் எக்ஸ்ரேக்களும்தான். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மீனவக் குப்பங்களில் வாழ்ந்த அவர்களில் எத்தனை பேருக்குப் பல் எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருக்கும்? ஒப்பிட ஆவணமே இல்லாத இடத்தில்தான் உயிரியல் குறிகளின் தேவை வருகிறது. டெல்டாவின் நிலைமை இன்றும் பாதி அப்படித்தான். அதற்காக ஆவணம் இருக்கிறதா என்று கேட்காமலே விட்டுவிடக் கூடாது.

எனவே பல்லை அமிலத்தில் தொடும் முன்: எல்லாப் பக்கமும் அளவுகோல் வைத்துப் புகைப்படம், எக்ஸ்ரே, நிரப்பல், கேப், வேர் சிகிச்சை, தேய்மானம், வேரின் வளர்ச்சி. வெற்றிலைக் கறை இருந்தால் எந்தப் பக்கம் அதிகம் என்று குறியுங்கள். எந்தக் கன்னத்தில் அடக்கிப் போடுவார் என்று வீட்டார் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். காணாமல் போனவரின் குடும்பத்திடம் பல் செட், பழைய எக்ஸ்ரே, பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் ரேசர் எல்லாம் கேளுங்கள். மருத்துவமனையில் எப்போதாவது கட்டியோ திசுவோ எடுத்துச் சோதித்திருந்தால் அதன் மெழுகுக் கட்டி நோயியல் துறையில் இருக்கலாம். விழுந்த பால் பல் கிடைக்குமா என்று கேட்டால் சிரிப்பார்கள். சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்த பல்லை எங்கே தேடுவது!

எந்தப் பல் எதற்கு

கிடைத்த பற்களைப் பங்கிடுவதுதான் திட்டமிடலின் முக்கியக் கட்டம். சொத்தை இல்லாத, வேர் மூடிய கடைவாய்ப் பல் ஒன்றை டி.என்.ஏ.வுக்கு ஒதுக்குங்கள். பற்கூழிலும் வேரைச் சுற்றியுள்ள சிமென்டம் என்ற படலத்திலும்தான் செல்கள் இருந்தன. எனாமலில் செல்லே கிடையாது. எனாமல் வேலைக்கு நிரப்பல் இல்லாத, விரிசல் இல்லாத இன்னொரு பல் போதும். ஒரே பல்தான் இருக்கிறதென்றால் முதலில் எனாமல், பிறகு வேரிலிருந்து டி.என்.ஏ., கடைசியில் மீதி டென்டினில் புரதம் என்று வையுங்கள். எனாமல் சோதனை பல்லின் மேற்பரப்பில் மிக மெல்லிய படலத்தை மட்டுமே கரைக்கும். அதற்குப் பிறகும் பல் பார்வைக்கு முழுப் பல்தான். டென்டினுக்குப் பல்லைப் பொடிக்க வேண்டும், பொடித்தது திரும்பாது.

குழந்தையின் எச்சம் என்றால் எனாமலுக்கு முதலிடம் கொடுங்கள். பருவமடையாத எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஆனால் பால் பல்லின் எனாமலும் அதைச் சொல்லும். என் பார்வையில் இந்த முறையின் மிகப் பெரிய பயன் இதுவே.

அமிலக் கழுவல், விவரமாக

பல் உருவாகும்போது எனாமலைக் கட்டும் முக்கியப் புரதம் அமெலோஜெனின். அதற்கு இரண்டு மரபணுக்கள், ஒன்று எக்ஸ் குரோமோசோமில், மற்றொன்று ஒய் குரோமோசோமில். ஆணின் எனாமலில் இரண்டு வகையும் இருக்கும், ஆனால் ஒய் வகை மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். பெண்ணிடம் எக்ஸ் வகை மட்டும். பல் வளரும்போதே உடலின் நொதிகள் இந்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிவிடுவதால், ஆய்வகத்தில் ட்ரிப்சின் என்ற நொதியைப் போட்டு வெட்டும் வேலையும் இல்லை.

முதலில் பல்லின் மேற்பரப்பை மூன்று விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் அரை நிமிடம் துடைத்து, தூய நீரில் அலசுங்கள். டெல்டாப் பற்களில் இங்கே ஒரு கூடுதல் வேலை. வருடக்கணக்கில் வெற்றிலையும் சுண்ணாம்பும் போட்டவரின் பல்லில் கறைக்கு அடியில் தடித்த காரை படிந்திருக்கும். அந்தக் காரையில் வாய்ப் பாக்டீரியாவின் புரதமும் உணவின் புரதமும் ஏராளம். காரை இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப் பக்கம் இல்லையென்றால் கருவியால் சுரண்டி, அந்தத் துகளைத் தனிக் குழாயில் எடுத்து வையுங்கள்.

சிறிய குழாயின் மூடியில் ஐந்து விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் 60 மைக்ரோலிட்டர் விட்டு, பல்லின் தேர்ந்தெடுத்த பரப்பு அதில் படும்படி இரண்டு நிமிடம் வையுங்கள். இந்த முதல் கழுவல் கழிவு. அதில் கை பட்ட அழுக்கும் மண்ணும்தான் இருக்கும். புது அமிலத்தில் இன்னும் இரண்டு நிமிடம். இதுதான் மாதிரி. பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும் சி-18 பொருள் நிரப்பிய சிறு பிப்பெட் நுனியில் ஏற்றி உப்பை அகற்றி, பெப்டைடுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவக் குரோமடோகிராஃபி வழியாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புங்கள்.

கருவி வரையும் வரைபடத்தில் தேடவேண்டிய உச்சிகள் முக்கியமாக இரண்டு. எக்ஸ் வகைப் பெப்டைடு, இரட்டை மின்னூட்டத்தில், 540.28 என்ற நிறை–மின்னூட்ட விகிதத்தில் வரும். ஒய் வகை, அதன் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவில், 440.22-இல் வரும். ஒய் வகையில் மட்டும் உள்ள ஒரு மெத்தியோனின்தான் இரண்டையும் பிரிக்கிறது. எடை மட்டும் பொருந்தினால் போதாது. அந்தப் பெப்டைடை மேலும் உடைத்த நிறமாலையும் பொருந்த வேண்டும், குரோமடோகிராஃபியில் வெளிவரும் நேரமும் கட்டுப்பாட்டு மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஆண் பல் ஒன்று, பெண் பல் ஒன்று, பல்லே இல்லாத வெற்று அமிலம் ஒன்று ஓட வேண்டும். அடுத்த மாதிரிக்கு முன் வெற்று ஓட்டம் வையுங்கள். முந்தைய ஆணின் ஒய் பெப்டைடு குழாயில் தங்கி அடுத்த பெண்ணின் மாதிரியில் தலைகாட்டினால் முடிவு தலைகீழாகும்.

ஒய் தெரியவில்லை என்றால் பெண் என்று எழுதாதீர்கள்

ஒய் பெப்டைடு தெளிவாகத் தெரிந்தால், மாசு இல்லை என்று உறுதியானபின், ஆண் என்று எழுதலாம். தெரியாதபோது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, எக்ஸ் வகையின் அளவு எவ்வளவு? ஒய் வகை பத்தில் ஒரு பங்குதான் என்பதால், எக்ஸ் உச்சியே பலவீனமாக இருந்தால் ஒய் கண்ணில் படாமல் போயிருக்கலாம். எக்ஸ் உச்சி உயர உயரத்தான் “பெண்” என்ற முடிவு வலுப்பெறும். எந்த உயரத்துக்குக் கீழே முடிவு சொல்லமாட்டோம் என்பதை உங்கள் கருவியில் தெரிந்த பற்களை ஓட்டி முன்கூட்டியே வரையறுத்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வி நம் ஊருக்கு முக்கியமானது. சில ஆண்களின் ஒய் குரோமோசோமில் அமெலோஜெனின் இருக்கும் துண்டே அறுந்துபோயிருக்கும். அவர்கள் உடல்நலத்தில் எந்தக் குறையும் தெரியாது. இது தெற்காசியாவில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. 2002-இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் 270 இந்திய ஆண்களைச் சோதித்தபோது ஐந்து பேருக்கு, அதாவது 1.85 விழுக்காட்டினருக்கு, அந்தத் துண்டு இல்லை. 1998-இல் இலங்கையைச் சேர்ந்த 24 ஆண்களில் இருவருக்கு இல்லை. இன்னும் பெரிய இந்திய மாதிரியில் விகிதம் இதைவிட மிகக் குறைவாக வந்தது. சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. இப்படிப்பட்ட ஆணின் பல் புரதச் சோதனையில் பெண்ணாகவே தோன்றும். டி.என்.ஏ.வில் அமெலோஜெனின் சோதனை செய்தாலும் அதே பிழைதான் வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே மரபணுவைப் பார்க்கின்றன. இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஒய் குரோமோசோமின் வேறு இடங்களைப் பார்க்கும் சோதனைதான், ஒய் எஸ்.டி.ஆர். அல்லது ஆண் பாலினத்தைத் தீர்மானிக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு, இதைத் தீர்க்கும். டி.என்.ஏ. கிடைக்கவில்லையென்றால் அறிக்கையில் “அமெலோஜெனின் ஒய் பெப்டைடு காணப்படவில்லை, பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆள் யார்: டென்டினும் பெப்டைடு வேறுபாடுகளும்

எனாமலில் புரத வகைகள் மிகக் குறைவு. ஆளுக்கு ஆள் மாறும் இடங்களும் சொற்பம். எனவே தனிநபர் அடையாளத்துக்கு டென்டினுக்குப் போகவேண்டும். அங்கே பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். கொலாஜன் ஏராளமாகக் கிடைத்தாலும் மனிதருக்கு மனிதர் அதிகம் மாறாது. மனிதப் பல்லா விலங்குப் பல்லா என்று பிரிக்க அது கைகொடுக்கும், ஆளைப் பிரிக்க உதவாது. நமக்கு வேண்டியவை கொலாஜனோடு சேர்ந்து படிந்திருக்கும் இரத்தப் புரதங்கள். அவற்றில் ஃபெடுயின்-ஏ என்ற புரதம் நல்ல உதாரணம். அதன் 248-ஆம் இடத்தில் சிலருக்குத் திரியோனின், சிலருக்கு மெத்தியோனின். 256-ஆம் இடத்தில் சிலருக்குத் திரியோனின், சிலருக்குச் செரின். இந்த வேறுபாடு மக்களிடையே பரவலாக இருப்பதால், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வருவதற்கு முன்பே இரத்தக் குறியாகப் பயன்பட்டது.

டென்டினைக் குளிர்ந்த நிலையில் பொடித்து, அமிலத்தில் தாதுவைக் கரைத்து, ட்ரிப்சினால் வெட்டி ஓட்டுவது வழக்கம். ட்ரிப்சின், லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால் வெட்டும். மாற்றமே லைசினிலோ ஆர்ஜினினிலோ என்றால் வெட்டும் இடமும் மாறிவிடும் என்பதை மென்பொருளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கேதான் கருவி உங்களை அழகாக ஏமாற்றும். மண்ணில் கிடந்த புரதத்தில் காலத்தால் வரும் வேதி மாற்றங்கள், மரபணு மாற்றம் போலவே எடை காட்டும். அஸ்பராஜின் அமைடை இழந்து அஸ்பார்டிக் அமிலமானால் எடை 0.984 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடும். மரபணு மாற்றத்தால் அஸ்பராஜின் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வந்தாலும் அதே 0.984 தான். அலனின் இடத்தில் செரின் வந்தால் 15.995 கூடும். ஓர் ஆக்சிஜன் ஒட்டினாலும் அதே 15.995. கொலாஜனில் ஆக்சிஜன் ஒட்டிய புரோலின் எங்கும் இருக்கும். லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் எடையில் வித்தியாசமே இல்லை. ஈர மண்ணில் வெப்பத்தோடு கிடந்த டெல்டாப் பல்லில் இத்தகைய சிதைவு அதிகம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே படியுங்கள். இந்த மாதிரிக் குழப்பம் தரும் இடங்களைத் தொடக்கத்திலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. குறி குறைந்தால் குறையட்டும்.

ஒரு வடிவம் தெரிகிறது என்றால் அது இருக்கிறது என்று பொருள். மற்ற வடிவம் தெரியவில்லை என்றால் அது இல்லை என்று பொருளல்ல. ஆகவே “இவருக்கு இரண்டு பிரதியும் ஒரே வகை” என்று புரதத்தை வைத்துச் சொல்லவே கூடாது.

ஒப்பிட எதிர்ப்பக்கம் வேண்டும்

காணாமல் போனவரின் பிரஷ்ஷிலோ ரேசரிலோ டி.என்.ஏ. கிடைத்தால் அதில் அந்த மரபணு இடங்களை மட்டும் படித்துப் பல்லின் பெப்டைடோடு பொருத்தலாம். அதுவும் இல்லையென்றால் பெற்றோர், பிள்ளைகளின் கன்னத் துடைப்பு. குடும்பத்தாரிடம் பேசும்போது மொழி முக்கியம். “உங்கள் மகனின் பல்தான் என்று உறுதி செய்யப் போகிறோம்” என்று சொல்லிவிட்டுத் துடைப்பு எடுத்தால், பிறகு வரும் அரைகுறைப் பதிலை அவர்கள் தாங்கமாட்டார்கள். “இந்த எச்சம் உங்கள் குடும்பத்தது இல்லை என்று தெரிந்தால் அதைச் சொல்ல முடியும், பொருந்தினால் மேலும் சோதனை வேண்டும்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். விலக்குவதில்தான் இந்த முறைக்குப் பலம்.

இனி எண்ணிக்கை. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். மூன்று வெவ்வேறு மரபணுக்களில் மூன்று பெப்டைடுகள் கிடைத்தன. மக்களில் அவை முறையே 40, 30, 25 விழுக்காட்டினரிடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3 விழுக்காடு, அதாவது முப்பத்துமூன்று பேரில் ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாகப்பட்டினம் நகரின் மக்கள்தொகை 1,02,905. அதில் சுமார் 3,100 பேருக்கு இந்த மூன்றும் பொருந்தும். கடைத்தெருவில் நடந்தால் எதிரே நாலு பேர் வருவார்கள்.

பெருக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஒரே மரபணுவுக்குள் இருக்கும் இரண்டு இடங்களை, மேலே சொன்ன ஃபெடுயினின் 248, 256 போன்றவற்றை, தனித்தனியாக எண்ணிப் பெருக்கக் கூடாது. அவை பெரும்பாலும் சேர்ந்தே பரம்பரையாக வரும். இரண்டாவது, அந்த விழுக்காடு எந்த மக்களிடமிருந்து வந்தது? பல நாட்டு மக்களின் மரபணுக்களைப் படித்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் இந்தியத் தெலுங்கர்களும் நூற்றுச் சொச்சம் பேர் வீதம் இருக்கிறார்கள். அது தொடக்கத்துக்கு உதவும், ஆனால் மன்னார்குடிப் பக்கத்து ஒரு கிராமத்துக்கு அது அளவுகோல் ஆகாது. இங்கே சாதிக்குள் திருமணம், அதிலும் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் திருமணம் தலைமுறைகளாக நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், ஊரெல்லாம் அரிதான ஒரு மாற்றம் ஒரே தெருவில் ஏழு வீட்டில் இருக்கலாம். இதற்கான திருத்தக் கெழுவை, அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1996-இல் பொதுவாக 0.01 என்றும் தனித்து வாழும் சிறு சமூகங்களுக்கு 0.03 என்றும் பரிந்துரைத்தது. நான் டெல்டாவுக்கு எப்போதும் பெரிய எண்ணையே எடுக்கச் சொல்வேன். எண் பலவீனமாகத் தெரியும், ஆனால் நேர்மையாக இருக்கும். சந்தேகத்துக்குரிய மாற்று ஆள் அதே குடும்பத்தவர் என்றால் இந்தக் கணக்கே செல்லாது. அண்ணன் தம்பிகளைப் புரதத்தால் பிரிக்க முயலாதீர்கள்.

வயது வேண்டுமென்றால் அதற்கு வேறு வழிகள் உண்டு. டென்டினில் அஸ்பார்டிக் அமிலம் இடக்கை வடிவிலிருந்து வலக்கை வடிவுக்கு மாறும் விகிதம் ஒன்று. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 எனாமலில் பதிந்திருப்பதைப் பார்ப்பது மற்றொன்று. முன்னது வெப்பத்துக்கு மசியும், எரிந்த பல்லில் நம்பாதீர்கள்.

அறிக்கையும் சாட்சிக் கூண்டும்

பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை ஏற்கிறது. கருத்து என்பதால் அதன் எல்லையை நீங்களே எழுதிவிட வேண்டும். எந்தெந்தப் பெப்டைடு கிடைத்தது, எவற்றைத் தேடியும் கிடைக்கவில்லை, எவற்றைக் குழப்பம் என்று நீக்கினீர்கள், எந்த மக்களின் விழுக்காடு, என்ன திருத்தம் என்று எல்லாம் அறிக்கையிலேயே இருக்கட்டும். “பொருந்துகிறது” என்று தனியாக எழுதாமல், “இந்தப் பல் காணாமல் போன நபருடையது என்றால் இந்த முடிவு கிடைக்க உள்ள வாய்ப்பு, தொடர்பில்லாத வேறொருவருடையது என்றால் கிடைக்க உள்ள வாய்ப்பைவிட இத்தனை மடங்கு” என்று எழுதுங்கள். நீளமான வாக்கியம்தான். ஆனால் குறுக்கு விசாரணையில் “அப்படியென்றால் நாகையில் இன்னும் மூவாயிரம் பேருக்கு இது பொருந்துமா?” என்று வழக்கறிஞர் கேட்டால், “ஆமாம், அறிக்கையிலேயே இருக்கிறது” என்று சொல்லிவிடலாம்.

மீதமுள்ள கரைசலையும் பல்லையும் மைனஸ் 20 டிகிரியில் சீலோடு வையுங்கள். மறுசோதனை கேட்டால் கொடுக்க வேண்டும். உறைவிப்பானை அடிக்கடி அணைத்து எழுப்பும் மின்வெட்டு உள்ள இடமென்றால், எத்தனை முறை உருகியது என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

பழகுவதற்கு

வழக்குப் பல்லில் கை வைக்கும் முன், பல் மருத்துவமனையில் பிடுங்கிய ஞானப் பற்களில் பழகுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் அவசியம். ஆண், பெண் பற்களை வேறொருவர் எண்ணிட்டுக் கலந்து தரட்டும். நீங்கள் முடிவு எழுதியபின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பிறகு சில பற்களை ஒரு பானை வண்டல் மண்ணில் புதைத்து, நெல்வயல்போல நனைத்தும் காயவிட்டும் ஒரு போகம் வைத்திருங்கள். வெற்றிலை போடுபவரின் பல் இரண்டு அதில் இருக்கட்டும். ஒய் உச்சி எந்த அளவில் மறையத் தொடங்குகிறது என்பதை அந்தப் பற்களில் பார்த்துவிட்டு, அந்த எல்லையை உங்கள் ஆய்வக நடைமுறைக் கையேட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்.